நான் பேச முடியாமல் போனால்

என் செல்ல மகள் வாலுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, உன் முதுகுவலி விட்டதா? நாங்கள் நலம் என்று எழுதி முடித்துவிடத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார், கடையில் ரொட்டி வேகிறது, விற்கிறது, எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், பேச்சு அங்கேயே நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன முறை ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா, புற்று ஈரலுக்கும் பரவியிருக்கிறது, மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். மருந்து கைகொடுக்காத நிலை வந்தால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்கணுமா, இல்லை வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதுமா, இப்போதே வீட்டில் பேசி வையுங்கள் என்றும் சொன்னார். என்னைக் கைகழுவப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்பா, "நடமாடிக்கிட்டு இருக்கிறவகிட்ட என்னம்மா பேச்சு இது" என்று சொல்லி என்னைக் கையோடு வெளியே கூட்டிவந்துவிட்டார். வாயில் எடுத்தாலே நடந்துவிடும் என்பதுபோல் அப்புறம் இருவரும் அதைப் பேசவே இல்லை.

மருந்து ஏற்றும் அறையில் என் பக்கத்து நாற்காலி ஒரு பூட்டு ரிப்பேர்க்காரருடையது. நுரையீரலில் புற்று. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்து, "எங்க வீட்டுக் குழாயே தேவலாம்க்கா" என்பார், நர்சுகூடச் சிரித்துவிடுவாள். போன வாரம் அவருக்குத் திடீரென்று மூச்சு முட்டி, நினைவு தப்பிவிட்டது. தாழ்வாரத்தில் பெரிய மகன் மெஷினில் வையுங்கள் என்கிறான், சின்னவன் அப்பாவை வதைக்காதீர்கள் என்று கத்துகிறான். அவர் சம்சாரம் அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, "அக்கா, உங்ககிட்டதான் வாய் ஓயாம பேசுவாரே, இதப்பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நகைச்சுவைதான். மெஷினில் வைத்தார்கள், இரண்டு நாளில் போய்விட்டார். அது அவர் விரும்பியதா இல்லையா என்று யாருக்குமே தெரியாது. எனக்குச் சாவைவிட அதுதான் பயமாகிவிட்டது, வாலு.

மறுநாளே கடைக்குள் போய் அப்பாவிடம் பேச்செடுத்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை, "மாவு புளிச்சிடும், அப்புறம் பேசலாம்" என்றார். அந்த அப்புறம் வராது என்று தெரிந்து நானே தனியாகப் பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போனேன். மெஷின் வேண்டாம், வலிக்கு மட்டும் குறையில்லாமல் மருந்து வேண்டும், முடிந்தவரை வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். அப்போ வைத்தியத்தை நிறுத்திவிடுவீர்களா என்றும் கேட்டேன். "யாரு சொன்னா? புது மருந்து திங்கக்கிழமை ஆரம்பம். இப்ப நீங்க சொன்னதையும் எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திச் சொல்லலாம்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னது சரிதான். ஆனா அந்த நேரத்துல வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராதும்மா, வாலுவைச் சொல்லச் சொல்லு" என்றார். பாவம் அவர், கோபித்துக்கொள்ளாதே. இவ்வளவு பெரிய பாரத்தை உன் தலையில் வைக்கிறேன் என்று தெரியும். ஆனால் நீ தீர்மானிக்க வேண்டியது எதுவும் இல்லை, நான் தீர்மானித்ததைச் சொன்னால் போதும்.

பதிலில் ஒண்ணும் ஆகாதும்மா என்று எழுதாதே. எல்லாரும் அதையே சொல்கிறார்கள், அதற்குமேல் நான் பேச ஒன்றும் இல்லாமல் போகிறது. சரிம்மா, நான் சொல்றேன் என்று எழுது, அது போதும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போட்டாலும் பட்டினி கிடக்காதே. இருவரும் நிறைவாக நெடுநாள் வாழ வேண்டும்.

உன் பயந்தாங்கொள்ளி
அம்மா