நான் மிதிக்காத வரப்பில் எடுத்த அளவுகள்

புதுவாயல்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அருணாவுக்கு உன் சித்தப்பா துளசிராமன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி செண்பகமும் ரெண்டு எருமைகளும் நலம். அந்தக் குளிர் தேசத்தில் உன் மூக்கும் காதும் உறைந்து விழாமல் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். உலகத்தில் ஒருத்தரும் நம்பாத ஒரு கதையை, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து, இப்போது சொல்லப் போகிறேன். பழவேற்காட்டு நண்டு என் சைக்கிளை ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போன கதை இல்லை, இது வேறு. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் இன்னும் ரெண்டு சேர்த்துவிடுவேன், விஷயம் காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதி, ஜெராக்ஸ் கடை முபீனாவிடம் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லப் போகிறேன்.

மாநாட்டுக்கு எழுதினேன் என்று நீ அனுப்பிய ஆராய்ச்சிப் பேப்பரைப் போன வாரம் அவள்தான் பிரிண்ட் எடுத்தாள். தலைப்பில் எனக்குப் புரிந்தது கும்மிடிப்பூண்டி என்ற ஒரே வார்த்தை. அதற்குக் கீழே உன் பெயர், உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். கம்பெனிகளை ஒட்டிய ஐந்து கிணறுகளில் ஐந்து மாதம் வாரா வாரம் தண்ணீரின் உப்பை அளந்தவர் என்று உள்ளே போட்டிருப்பதாக முபீனா படித்துச் சொன்னாள். பத்தாவதில் மூன்று தரம் குப்புற விழுந்தவனுக்கு இது போதாதா, அங்கேயே லேமினேட் பண்ணச் சொன்னேன். திருவள்ளூர் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ரயில் எனக்காக நாலு நிமிஷம் காத்து நின்றது, மாநாட்டு மண்டபத்துக்கே என் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று ஊத்துக்கோட்டை வரைக்கும் போய்க் கதை அளந்துவிட்டு வந்தேன். டீக்கடை சுப்பிரமணி, இன்னா நைனா, சைண்டிஸ்டா பூட்ட, இனிமே டீக்கு டப்பு குடுப்பியா மாட்டியா என்று கேட்டான். அன்று சாயங்காலம் நீ போன் பண்ணி, சித்தப்பா, மத்தவங்கள்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கினு எழுதறாங்க, என்னுதுலதான் ஒருத்தர் நடந்து போய் எடுத்த அளவு கீது, அதனாலதான் சுருக்கத்தப் பாத்ததுமே எடுத்துக்கினாங்க என்றாய். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அருணா, நான் நடக்கவில்லை. நீ அளக்கச் சொன்ன ஆறு கிணறுகளில் ஒன்று நம் கிணறு. மற்ற ஐந்துக்கும் அரசப்பன் வரப்பு வழியாகத்தான் போகவேண்டும். என் பெரியப்பா மகன்தான் அவன், ஆனால் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டான் என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் வாசலில் நின்று, இனி உன் வரப்ப மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல என்று கத்தியவன் நான். நீ கிளம்பும்போது, பெரியப்பாவாண்ட கேட்டுட்டியா சித்தப்பா என்று கேட்டாய். கேட்டாச்சு, மேளம் வைத்துக் கூப்பிடுகிறான் என்றேன். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் உப்பை அளக்க நீ கொடுத்த பேனா மீட்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சுப்பிரமணி கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஐந்துக்கும் வாய்க்கு வந்த எண்ணை எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க ஒரு வாரம் பத்து கூட்டுவேன், மறுவாரம் ஏழு குறைப்பேன், மழை பெய்தால் தாராளமாகவே குறைப்பேன். இத்தனை வருஷம் ஊரெல்லாம் புளுகியிருக்கிறேன், ஒருத்தரும் நம்பாததால் ஒருத்தருக்கும் கெடுதல் இல்லை. நம்பிய ஒரே ஆள், அண்ணனும் அண்ணியும் போனபிறகு நான் மகளென்று வளர்த்த நீ. கண்ணாடி பார்த்து முகம் வழிக்கக்கூட எனக்குக் கூசுகிறது.

நேற்று அரசப்பன் வீட்டுக்குப் போனேன், வரப்பை மிதித்துக்கொண்டுதான். இன்னாடா, யாருக்குப் பொறந்தன்னு கண்டுபுடிச்சிட்டியா என்று கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கூட்டிக்கினு போயிருப்பேனேடா, அது நம்ம பொண்ணு இல்ல? என்றான். இதற்கு ரெண்டு அறை விட்டிருந்தால் தேவலை. இனி எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள் என்கிறான், ஆனால் போன ஐந்து மாதத்துத் தண்ணீரை இனி எங்கே போய் மொள்வேன்? முழுப் பேப்பரும் திங்கட்கிழமைக்குள் போகவேண்டும் என்றாயே, அனுப்பாதே அம்மா. உன் புரொபசரிடமும் மாநாட்டுக்காரர்களிடமும் உள்ளதைச் சொல், இந்தக் காகிதத்தையே காட்டு, என் பெயரை எடுத்துவிடு. மூணு வருஷ உழைப்பு, அவர்கள் முன்னால் நீ கை பிசைந்துகொண்டு நிற்கவேண்டி வரும். அதை நினைத்துத்தான் ரெண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

திட்டுவதென்றால் உடனே திட்டிவிடு, பேசாமல் மட்டும் இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குல்லா போடாமல் வெளியே இறங்காதே. நீ மேலே மேலே வரவேண்டும், உன் கையில் பொய்யான எண் இனி ஒன்றுகூட வந்து விழக்கூடாது, அதுதான் என் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று. நம் கிணற்றின் எண் மட்டும் மற்றதைப்போல் மூன்று பங்கு ஏறிக்கிடக்கிறது, இது சித்தப்பாவோட கைவரிசை என்று சிரித்துக்கொண்டே நீ அதைப் பேப்பரிலிருந்து எடுத்துவிட்டாய். அது வாரா வாரம் நான் வாளி விட்டு மொண்டு அளந்தது. நான் எழுதிக்கொடுத்ததில் அது ஒன்றுதான் நிஜம். நாலு நாளாகச் சித்தி கேன் தண்ணீரில்தான் உலை வைக்கிறாள். நீ லீவுக்கு வரும்போது பழைய பழக்கத்தில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துவிடாதே.

தலை நிமிர முடியாத உன் சித்தப்பா,
துளசிராமன்.