முதுகும் சுகம், இருதயமும் சுகம்

புக்கிட் பெலிம்பிங்,
கோலசிலாங்கூர்.
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பவனேஷுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம். முதுகும் சுகம், இருதயமும் சுகம். இரண்டையும் தனித்தனியாக ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்காதே. ஆக்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறேன், கோபம் வேறு வேண்டுதல் வேறு. வாட்சப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அடங்கிப் போகிறேன். அதனால்தான் காகிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. பார்சலில் இரண்டு கைலியும் நீ கேட்ட தைலமும் வைத்திருக்கிறேன், கருவாடு வைக்கவில்லை, போன தடவை உங்கள் ஊர் கஸ்டம்ஸ்காரன் அதைத் தூக்கிப் போட்டது இன்னும் எனக்கு ஆறவில்லை. மூன்று நாளாக இங்கே மழை, பின்பக்கக் கால்வாய் நிரம்பி கோழிக்கூடு வரை தண்ணீர் வந்து வடிந்தது. தீபாவளிக்கு வந்தபோது நீ கூரையில் ஒட்டிவிட்டுப் போன இடம் ஒழுகவில்லை. அதற்கு நன்றி. நன்றி சொல்வதற்கு இந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

ரமணி அத்தை ரவாங்கிலிருந்து நாலு தடவை போன் போட்டாள், நான் எடுக்கவில்லை. உன் அப்பாவின் தங்கை என்று இத்தனை வருடம் கொடுத்த மரியாதை போதும். நான் ஜூஜிட்சு மல்யுத்தம் பழகுகிற இடத்துப் பேஸ்புக்கில் யாரோ போட்ட படத்தை எடுத்து, கண்ணு காது மூக்கு வைத்து, அழுகிற பொம்மை ஒன்றையும் ஒட்டி, நாற்பத்தெட்டுப் பேர் இருக்கிற குடும்பக் குரூப்பில் போட்டது அவள்தான். படத்தில் நான் மெத்தையில் மல்லாந்து கிடக்கிறேன், என் இரண்டு காலும் மேலே இருக்கிறது, காலுக்கு நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் முதுகு தெரிகிறது. அவ்வளவுதான். அது ஆம்பளை என்று அத்தை முடிவு கட்டினாள், நீயும் நம்பினாய். அது நவமணி. நான் வாசல் காவலுக்கு ஜாகா வேலை பார்க்கிற புஞ்சாக் ஆலாம் அடுக்குமாடிக் காண்டோ ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி, இரண்டு பிள்ளைக்குத் தாய், முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். ஆனால் நவமணி என்று சொல்லித் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. கோச் யுவனேஸ்வரனோடும்தான் பழகினேன், அவனுக்கு உன் வயது இருக்கும், என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறான். அதையும் எழுதி வைக்கிறேன், அத்தைக்கு அனுப்ப வேண்டுமானால் அனுப்பு.

என் வயிறு எரிவது அத்தையால் இல்லை, உன்னால். உனக்குச் சந்தேகம் வந்தால் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படத்தின் கீழே இருந்த நம்பரைப் பார்த்து நேராக யுவனேஸ்வரனுக்குப் போன் போட்டாய். எங்கம்மாவுக்கு முதுகெலும்பு விலகியிருக்கிறது, இருதயத்திலும் கோளாறு, இதையெல்லாம் மறைத்துவிட்டு வருகிறார்கள், இனி உள்ளே விட்டால் போலீஸ் ரிப்போர்ட் போடுவேன் என்றாய். எந்த டாக்டர் சொன்னார் பவனேஷ். எந்த ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே. பத்து வயதிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கைத் தூக்கிய முதுகு இது. அந்தப் பையன் பயந்துபோய் மறுநாள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டான். அவன் மேல் தப்பில்லை. “எனக்கு வேற வழியில்ல லா ஆன்ட்டி, டாக்டர் லெட்டர் கொண்டு வாங்க, அப்புறம் உங்க மகன் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், மறுநாளே மெத்தையில ஏறலாம்” என்றான். ஐம்பத்து மூன்று வயதில், நான் பெற்ற பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால்தான் நான் மெத்தையில் ஏற முடியும். வரும் வழியில் டவுனில் வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கையில் இருந்தது. படியிறங்கி வந்து, கீழே துணி துவைக்கிற கடை வாசலில் உட்கார்ந்து அதைத் தின்றேன். அழவில்லை, பசிதான்.

டாக்டர் லெட்டர் வாங்கிவிட்டேன். கிளினிக்கில் காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். சின்னப் பெண் டாக்டர், குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்தாள். பிரஷர் கொஞ்சம் மேலே நிற்கிறதாம், உப்பைக் குறைக்க வேண்டுமாம். பிரஷர் ஏறாமல் என்ன செய்யும். முதுகிலும் இருதயத்திலும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இனி பாக்கி நிற்பது உன் ஒரு வார்த்தை.

இந்த வயதில் உனக்கு இது எதற்கு என்று போனில் கேட்டாயே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. எதற்கு என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பிப்ரவரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் உன் முதுகெலும்புக் கதையைக் கட்டினாய் என்று தெரியும், அந்த அளவுக்கு என் தப்பும் இருக்கிறது. நடந்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம், காண்டோ வாசலில் என் டியூட்டி. வெள்ளைக் காரில் ஒருத்தன் வந்தான், வீட்டுக்காரன் இல்லை, விருந்தாளி. ஐசி அட்டையைக் கேட்டேன், கொடுக்க மாட்டேன் என்றான். பதிவு செய்யாமல் வாசல் தடுப்புக் கம்பத்தைத் தூக்க எனக்கு உத்தரவு இல்லை என்றேன், மரியாதையாகத்தான் சொன்னேன். இறங்கி வந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் தள்ளினான். மல்லாந்து ரோட்டில் விழுந்தேன். எழுந்திருக்க முடியாதபடி என் இரண்டு பக்கமும் காலை வைத்து நின்றுகொண்டு, மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டி, ஜாகாவுக்கு இவ்வளவு திமிரா என்று கேட்டான். பள்ளிக்கூட வேன் ஒன்று பின்னால் நின்றது, உள்ளே பிள்ளைகள். நான் என்ன செய்தேன் தெரியுமா. கிடந்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். சாரி சார், சாரி சார் என்றேன். தப்பு அவனுடையது, மன்னிப்புக் கேட்டது நான். அவன் சிரித்துவிட்டு, கம்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனான். இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன். முழங்கைக் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்தக் கும்பிடு ஆறவில்லை.

ஆபீஸ் கேமராவில் அதைப் பார்த்தவள் நவமணி. அடுத்த புதன்கிழமை டியூட்டி முடிந்ததும் என் மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்து ஜூஜிட்சு பழகுகிற இடத்துக்கு வழி சொன்னாள். முதல் இரண்டு மாதம், மல்லாந்து படுத்து எதிராளியின் இடுப்பைக் காலால் சுற்றிப் பூட்டுவது. அதற்கு குளோஸ் கார்டு என்று பெயர். நவமணி இடுப்பும் சின்னதில்லை என் காலும் நீளமில்லை, பூட்டு விழவே இல்லை. அப்புறம்தான் யுவனேஸ்வரன் ஓப்பன் கார்டு ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பு. ஆறு வருடமாக வாசலில் நின்று கார்டு வேலை பார்க்கிறேன், மல்லாந்து படுத்தும் பார்க்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பூட்டைத் திறந்துவிட்டு உள்ளங்கால் இரண்டையும் அவள் இடுப்பெலும்பில் வைக்க வேண்டும், கை இரண்டும் அவள் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். முதுகைத் தரையில் அப்படியே பரப்பக் கூடாது, கொஞ்சம் ஒருக்களித்து, தலையைத் தூக்கி, அவள் எந்தப் பக்கம் நகர்கிறாளோ அந்தப் பக்கம் நம் இடுப்பை நகர்த்த வேண்டும். கால் நழுவினால் சுற்றிக்கொண்டு வந்து நெஞ்சில் ஏறிவிடுவாள். உதைப்பது இல்லை இது. “காலால தள்ளி நிறுத்துங்க ஆன்ட்டி, கையால விடாதீங்க, ரெண்டும் சேர்ந்தாத்தான் கார்டு” என்பான் யுவனேஸ்வரன்.

கேட்க சுலபம். எனக்கு வரவே இல்லை, ஏன் வரவில்லை என்று கேள். அவள் இடுப்பில் என் கால் பட்டதும் என் கை அவள் சட்டையை விட்டுவிடும். அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அடுத்தவர் மேல் கால் பட்டால் அப்படித்தானே நம்மை வளர்த்தார்கள். நான் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. அந்த நொடியில் அவள் என்னைத் தாண்டி வந்து நெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மூன்று வாரம், ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. முதலில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு நாள் யுவனேஸ்வரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கால் வைக்கிறது உங்க வேலை ஆன்ட்டி, எதுக்கு சாரி கேக்குறீங்க” என்றான். அவனுக்கு ரோட்டில் நடந்த கதை தெரியாது. நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, யார் வந்து என் மேல் ஏறி நின்றாலும் என் கை முதலில் மன்னிப்புக் கேட்கத்தான் போகிறது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மணி அடிக்கிற வரைக்கும் முழுசாக ஐந்து நிமிடம், என் கை அவள் சட்டையை விடவில்லை. நவமணி இடப்பக்கம் போனாள், வலப்பக்கம் போனாள், மொத்த உடம்பையும் போட்டு என் காலை அமுக்கினாள், தாண்ட முடியவில்லை. என் தொடை நடுங்கியது, மூச்சு வாங்கியது, விடவில்லை. நீங்கள் நாற்பத்தெட்டுப் பேரும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அந்தப் படம் அந்த ஐந்து நிமிடத்தில் எடுத்தது. மறுபடியும் எடுத்துப் பார். காலைப் பார்க்காதே, கையைப் பார்.

அப்பா இருந்தால் இப்படிச் செய்வாயா என்று வேறு கேட்டாய். உன் அப்பா கார்த்திகேசு இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார், இரண்டு நாள் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு கிடந்திருப்பார், மூன்றாம் நாள் தன் லோரியை அந்தத் துணி துவைக்கிற கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு நான் இறங்கி வருகிறவரை காத்திருந்திருப்பார். செத்தவரை உனக்குச் சாட்சிக்கு இழுக்காதே. யுவனேஸ்வரன் என்னை வாசலில் நிறுத்திய பிறகு போனில், நாலு பேர் பார்க்கக் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்க வெட்கமாக இல்லையா என்று நீ கத்தினாயே, அப்போது நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா. சரிப்பா, மன்னிச்சுக்கோ, இனிமே போகல என்றேன். போனை வைத்த பிறகு பார்த்தால் அடுப்படியில் தனியாக நிற்கிறேன், ஒரு கை நெஞ்சில் கும்பிட்ட மாதிரி ஒட்டியிருக்கிறது. ரோட்டில் அந்த வெள்ளைக் கார்க்காரனுக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே கை. அவன் ஊர் பேர் தெரியாதவன். நீ என் வயிற்றில் பிறந்தவன். அன்றிலிருந்து மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மன்னிச்சுக்கோவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய தப்பு குளியலறைப் பொய் ஒன்றுதான், அதற்கு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனிமே போகல என்றதும் இல்லை, போவேன். யுவனேஸ்வரன் நம்பர் உன்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு, எங்கம்மாவுக்கு முதுகும் நன்றாக இருக்கிறது இருதயமும் நன்றாக இருக்கிறது, நான் சொன்னது பொய் என்று உன் வாயால் சொல். அம்மாவுக்கு அனுமதி கொடுக்கிறேன் என்று மட்டும் பெரிய மனிதன் மாதிரி பேசாதே, அனுமதி கொடுக்க நீ யார். நீ போட்ட பொய்யை நீ எடு, அது போதும். இதைப் படிக்கும்போது அம்மா உதைக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். உதைக்கவில்லை. தள்ளி நிறுத்தியிருக்கிறேன். சட்டைக் கையை நான் விடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சோற்றையே தின்றுகொண்டிருக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சின்ன வயதிலேயே உனக்குக் காதுவலி வரும். முருகன் துணையில் நீ நோய் நொடி இல்லாமல், நல்லவளாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளைக் கும்பிட வைக்காமல் வாழ வேண்டும்.

ஒன்றை மறக்காதே. யுவனேஸ்வரன் எனக்கு நிரப்பித் தரச் சொல்லிப் புதுப் பாரம் ஒன்று கொடுத்திருக்கிறான். எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் ஒரு கோடு இருக்கிறது. பழைய பாரத்தில் அங்கே உன் பெயர்தான் இருந்தது, பத்து மணி நேர விமானத்துக்கு அப்பால் இருந்தாலும் முதலில் உன் பெயர்தான் எழுத வந்தது. இந்தத் தடவை நவமணி பெயரை எழுதியிருக்கிறேன். பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
விஜயராணி கார்த்திகேசு