சாம்பிராணி காட்டிக் கொடுத்த புகைபோக்கி

11 ஜூலை 2003, வெள்ளி. தாமுவே பேட்டை.

எங்கள் விடுதியில் வெந்நீர் ஹீட்டரோடு ஒரே புகைபோக்கியில் இருந்த பழைய பாய்லரை நேற்று கழற்றினோம். "இனிமே கேஸ் ஹீட்டர் மட்டுந்தான். அந்தச் சூடு இவ்வளவு பெரிய புகைபோக்கிக்குப் பத்தாது, புகை மேலே ஏறாது. உள்ளே சின்னக் குழாய் விடணும் அண்ணே" என்றார் குழாய் வேலை பார்க்கும் பிட்டர் கோ மின். "பெருசா இருந்தா புகை நல்லாத்தானே போகும்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

இன்று மாலை ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தபோது, என் மனைவி செல்வி சாம்பிராணித் தட்டோடு அதன் பக்கம் வந்தாள். புகைபோக்கிக்குள் ஏறவேண்டிய புகை திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. கேஸின் நச்சுக்காற்றும் இப்படித்தானே திரும்பியிருக்கும்! பாய்ந்துபோய் ஹீட்டரை அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன்.

"சாமியும் கோ மின் கட்சிதான் போல" என்று சிரித்தாள்.

நாளை மதியம் அவர் குழாயோடு வருகிறார். காலையில் எல்லோருக்கும் பச்சைத்தண்ணீர்க் குளியல். முதல் வாளி எனக்காம், செல்வியின் தீர்ப்பு.