பதினொருவர்க்குப் போன ஒன்பதாம் ஓலை

“வேண்டாம் தாயே, எட்டு ஓலை போயும்—”

“எட்டும் பலிக்கவில்லை என்றுதானே ஒன்பதாவது? எழுத்தரே, நீர் எழுதும்—”

“எழுத்தாணியைக் கீழே வையும் ஐயா—”

“வைத்துத்தான் பார்க்கட்டுமே!”

எழுத்தாணி ஓலையைத் தொட்டபின் அவையில் எழுந்த சொல் எதுவும் விடுபடலாகாது என்பது காரைமலை நாட்டு மரபாதலால், பெருந்தேவியாரும் அமைச்சர் அதியூர்க் கண்டனாரும் பொருதிய சொற்கள் இவ்வோலையின் தலையில் நின்றன.

மலை வளர்க, சுனை வற்றாதொழிக. காரைமலை உடையாரைப் பெற்ற பெருந்தேவி நங்கை சேந்தியார், ஆழித்துறைப் பாசறையில் தங்கியுள்ள நம் கால்பந்துப் பதினொருவர்க்கும் அவர்தம் தலைவன் வேட்டன் சாத்தனுக்கும் திருவாய் மலர்ந்தருளியது:

முதல் ஒன்பது ஆட்டமும் வென்று எண்திசையும் வியக்க நின்ற நீவிர், பின் ஏழில் ஆறு தோற்று, ஒன்றைத் தட்டுத்தடுமாறிச் சமன் செய்து, இன்று பட்டினத்தாரோடு ஒரே புள்ளியில் நிற்கின்றீர். நாளை மறுநாள் அதே பட்டினத்தாரோடு கடைசி ஆட்டம். வெற்றிக் கிண்ணம் இந்நாட்டு எல்லைக்குள் வந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆகின்றன. தேவியார்க்குச் சோறு இறங்கவில்லை. பந்தை நினையாதீர் என்ற மருத்துவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார். பிற்பாதியில் உங்கள் கால்கள் ஈயமாவதேன்? வெறும் வலை முன்னிருக்கச் சாத்தன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவதேன்?

“காரணம் நான் சொல்லட்டுமா?” என்றார், அன்று காலைதான் ஆழித்துறையிலிருந்து திரும்பிய கண்டனார். “அரச ஓலை வந்தால் என்ன செய்வது வழக்கம்?”

“இது தெரியாமலா அமைச்சரானீர்? தலைமேல் ஏந்தி, ஊர் எல்லையை நடந்தே வலம் வந்து, பிறகு பிரிப்பது.”

“ஆழித்துறை எல்லையைச் சுற்ற ஒரு சாமம் ஆகிறது தாயே. பதினொருவர் பெயர்க்கும் எழுதுகிறீர்கள், பதினொருவரும் நடக்கிறார்கள். ஆட்டத்தன்று விடியலில் சேரும்படி குதிரையை வேறு விரட்டுகிறீர்கள். சுற்றி வந்த காலோடு களத்தில் இறங்குகிறார்கள்.”

“ஒரே நாளில் இரண்டு அனுப்பினேனே... அன்று?”

“இரண்டு சுற்று. அன்றுதான் ஐந்து பந்து வலைக்குள் வாங்கினோம்.”

“ஒருவராவது சொல்லக்கூடாதா?”

“யார் சொல்வது? தாய் நம்மை மறக்கவில்லை என்று மார் நிமிர்த்தியல்லவா நடக்கிறார்கள்!”

தேவியார் எழுத்தரை நோக்கிப் பாய்ந்து திரும்பினார்.

ஆணையாவது: இவ்வோலையை ஏந்தி ஓரடியும் நடக்கலாகாது. வயிறார உண்டு, கால் நீட்டி உறங்கி, களம் புகக் கடவீர். காரைமலைக் கருங்கல் மணலாகும் காலம்வரை இது செல்வதாக.

“முத்திரை மட்டும் வேண்டாம் தா—” என்று கண்டனார் கை நீட்டுமுன் அரக்கில் யாளி முத்திரை அழுந்திவிட்டது.

“போயிற்று,” என்று அவர் தலையில் கைவைத்தார். “முத்திரை விழுந்த ஓலை அப்போதே கிளம்பியாக வேண்டும். வலம் வராமல் அதைப் பிரித்தால் அரசகுற்றம்.”

இச்சொற்களும் விடுபடாதபடி எழுத்தாணி, பிரிக்காமலே எவரும் படிக்கும்படி மேலே சுற்றும் உறை ஓலையில் ஓடிக்கொண்டிருந்தது. குதிரைக்காரன் வந்து இரு கைகளையும் ஏந்தி நின்றான். தேவியார் ஓலையை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

“நடக்க வேண்டாம் என்பது படித்தால்தானே தெரியும் கண்டனாரே? நடக்காமல் எப்படி ஐயா படிப்பார்கள்?”