‘நான்’ என்று நின்ற செய்தி

அண்ணா,

இன்று அலுவலகத்துக்குப் புது மேசைகள் வந்தன. வார்னிஷ் காயாத வாசனை. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். எனக்கோ அது பிரேசர் டவுனில், உங்கள் கடைக்கு மேல் நான் வாடகைக்கு இருந்த அறையின் வாசனை. கீழே நீங்கள் சவப்பெட்டிக்கு வார்னிஷ் அடிப்பீர்கள். மேலே நான் கம்ப்யூட்டரில் யாருக்காவது வெப்சைட் செய்துகொண்டிருப்பேன். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. வேலையைத் தொடர்ந்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்து நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி மூடிப்போய், தனியாகத் தொழில் செய்யலாம் என்று அந்த அறைக்குக் குடிவந்தவள் நான். முதல் வாடிக்கையாளர் நீங்கள்தான். மாடிப்படியில் நின்றபடியே கேட்டீர்கள்.

“மேடம், சாவு வீட்டுப் புள்ளைங்க பாதிப் பேரு ஃபாரின்ல இருக்காங்க. என்ன பாட்டு, என்ன பூவு, குழிகிட்ட என்ன சொல்லணும்னு வெப்சைட்ல எழுதிட்டா, என் மொபைலுக்கு வந்து சேரணும். ஆகுமா?”

“ஆகும் அண்ணா. ஆனா சவப்பெட்டிக் கடைக்கு வெப்சைட்டா?”

“ஏன், செத்தவங்களுக்கு மட்டும் பழைய காலமா?”

அப்போது அது லேசான வேலை இல்லை. படிவத்தை நிரப்பி அனுப்பினால் அது எனக்கு மின்னஞ்சலாக வரவேண்டும். கூடவே பம்பாயில் இருந்த ஒரு எஸ்எம்எஸ் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து உங்கள் மொபைலுக்கும் வரவேண்டும். ஒன்று போனால் மற்றொன்று போகாது. ஒருவழியாக ஒரு மத்தியானம் இரண்டும் போயின. சோதனைக்கு நான் எழுதியது, ‘சாப்டீங்களா அண்ணா’. கீழே மொபைல் அலறியது. “சாப்ட்டேம்மா!” என்று கடையிலிருந்தே கத்தினீர்கள்.

செய்தி நீளமாக இருந்தால் அந்தக் கம்பெனி பாதியில் வெட்டிவிடும் என்று சொன்னேன். “துக்கத்துல இருக்கறவங்க ரெண்டு வரிக்கு மேல எழுத மாட்டாங்க. போதும்,” என்றீர்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் தனியாக இருந்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் இறந்தார். ஒரே மகள், ஆஸ்திரேலியாவில். அவளுக்கு விமானம் கிடைக்கவில்லை. மறுநாள் வரை வைத்திருக்க முடியாது என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். அடக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள்.

“ஏம்மா, பொண்ணு மெசேஜ் வந்துச்சு. ‘அப்பா, வர முடியல. எப்ப வருவேன்னு போன வாரம் கேட்டீங்க. பதில் சொல்லாம பேச்ச மாத்திட்டேன். நான்’ அதோட நிக்குது. நானும் ‘நான்’னு படிச்சுட்டு நிக்கறேன். எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க.”

பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “இருக்கறப்ப வராதவ, இப்ப என்னத்தச் சொல்லப் போறா?”

மின்னஞ்சலைத் திறந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். முழுவதும் இருந்தது.

“இருக்குண்ணா. நீளமா எழுதியிருக்காங்க.”

“நீ படி. நான் சொல்றேன்.” பிறகு அங்கே இருந்தவர்களிடம், “பாஸ்டர், கொஞ்சம் இருங்க. யாரும் மண்ணு போடாதீங்க. பொண்ணு இன்னும் பேசி முடிக்கல.”

நான் இங்கே ஒரு வரி படித்தேன். நீங்கள் அங்கே அதைத் திருப்பிச் சொன்னீர்கள்.

“நான் டிக்கெட் போட்டுட்டேம்ப்பா.”

“கிறிஸ்துமஸுக்குச் சொல்லாம வந்து கதவத் தட்டலாம்னு இருந்தேன்.”

“அதான் பேச்ச மாத்தினேன்.”

“பையனுக்கு தாத்தான்னு சொல்லக் கத்துக்குடுத்துட்டேன். நல்லா சொல்றான்.”

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தினீர்கள். நான் அவசரப்பட்டு அடுத்ததைத் தொடங்கியபோது, “இரும்மா,” என்றீர்கள். கடைசி வரி முடிந்ததும் போனில் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண்ணின் குரல் மறுபடி வரவில்லை. “ஆய்த்தா சார்?” என்று குழி வெட்டுகிறவர் கன்னடத்தில் கேட்டார். “ஆச்சு. இப்பப் போடுங்க,” என்றீர்கள்.

சாயங்காலம் மாடிக்கு வந்து, “வெட்டாத கம்பெனியா ஒண்ணு பாரும்மா,” என்று மட்டும் சொன்னீர்கள். பார்த்து மாற்றினேன்.

மறு வருட மழைக்காலத்தில், ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டில் பெட்டியை இறக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தீர்கள். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்தேன். நானும் மண் போட்டேன். சில நாள் கழித்து உங்கள் வீட்டு அக்கா உங்கள் மொபைலை என்னிடம் கொடுத்து, “மெசேஜ் வந்துகிட்டே இருக்கு. அவரு இல்லன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நிறுத்திடும்மா,” என்றார். மாடிக்குப் போய் இணைப்பை எடுத்தேன். ஒரு வரியை அழித்தால் போதுமாக இருந்தது. அழித்துவிட்டுச் சோறு வடித்துச் சாப்பிட்டேன். தூக்கமும் வந்தது. “அழுதுடும்மா, உள்ள வெச்சுக்காத,” என்று அக்கா சொன்னார். உள்ளே ஏதாவது இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை.

அந்த டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த மகள் வந்தாள். பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு, இடுப்பில் பையனோடு மேலே ஏறி வந்தாள்.

“கீழ கடை வெச்சிருந்தவரு… நான் எழுதினத எங்கப்பாகிட்ட படிச்சவரு. அவரப் பாக்கணும்.”

சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையனை மடியில் இருத்திக்கொண்டு கேட்டாள்.

“எப்படிப் படிச்சாரு? சொந்தக்காரங்க யாரக் கேட்டாலும் ‘நல்லா படிச்சாரு’ங்கறாங்க. அதுக்கு மேல யாருக்கும் சொல்லத் தெரியல.”

“மெதுவா படிச்சாரு. ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் நிறுத்தினாரு.”

“ஏன்?”

அதுவரை நான் யோசித்ததில்லை. “உங்கப்பா பதில் சொல்ல இடம் விட்டிருப்பாரு,” என்றேன்.

அவள் அழுதாள். நான் பையனை வாங்கி வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தான்.

இப்போது ஒரு பெரிய கம்பெனியில் எனக்கு இதே வேலைதான். எங்கோ யாரோ நிரப்புகிற படிவத்தை இன்னொரு இடத்தில் சேர்க்கிறேன். உங்கள் குரல் எனக்கு மறந்துவிட்டது அண்ணா. எவ்வளவு முயன்றாலும் காதில் வரவில்லை. நீங்கள் விட்ட அந்த இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. சாவு வீட்டுக்குப் போனால் ஒரு வரி பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் வாய் திறக்கும்வரை அடுத்த வரி சொல்வதில்லை.