கொரிய மலைக்கு நீ வைத்த நேர்த்தி

என்ர ராசா தவம்,

உனக்கு எழுதுறதெண்டால் முதலில நாலு பேச்சுப் பேசிப்போட்டுத்தான் தொடங்க வேணும் போல கிடக்கு. கோபம் இல்லையடா. உன்ர நேர்த்திக்கடனைத் தூக்கிக்கொண்டு கொரியா வரைக்கும் போய் வந்த களைப்பு.

வாசிக்கிற மற்ற ஆக்களுக்காக உனக்குத் தெரிஞ்சதையும் திருப்பிச் சொல்லுறன், பொறுத்துக்கொள். இந்த நாட்டுக்கு அகதியா வள்ளத்தில வந்தனீ. மனிசி சுமதியையும் கைக்குழந்தையையும் வவுனியாவில விட்டிட்டு வந்தனீ. வெரிபீயில விடியக்காலமை என்ர காரில ஏறி, நாங்கள் வேலை செய்த ட்ருகனினா வெயர்ஹவுஸ் வரைக்கும் வாய் மூடாமல் கதைச்சு, அக்கா அக்கா எண்டு கூப்பிட்டே எனக்குத் தம்பியானனீ.

எங்களோட நிண்டு பெட்டி கட்டின கொரியாக்காரக் கிம் அன்ரியை மறந்திருக்க மாட்டாய். அவ இப்ப வேலையை விட்டிட்டா, பேரப்பிள்ளை பார்க்கிறா. அவ வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில கொழுவின கலண்டரில ஒரு படம் இருந்தது. கறுப்பு ஓட்டுக் கூரை, சிவப்புத் தூண்கள், பின்னால பெரிய மலை. அது என்ன இடம் எண்டு நீ ஒருக்காலும் கேக்கேல்லை. ஓடும் தூணும் மலையும் இருந்தால் உள்ளுக்குச் சாமி இருக்கும் எண்டது உனக்குச் சந்தேகமே இல்லாத விசயம். எனக்கும்தான்.

வருசம் முடிய அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, உன்ர அறையில பிள்ளையாருக்குப் பக்கத்தில ஒட்டினாய். "மலையில இருக்கிறாரெண்டால் முருகனுக்குச் சொந்தக்காரராத்தான் இருப்பார் அக்கா" எண்டாய். நிரந்தர விசா கிடைச்சால் நேர வந்து கற்பூரம் கொளுத்துறன் எண்டு நேர்த்தியும் வைச்சாய். நான் சிரிச்சன். ஊர்ச் சாமியளெல்லாம் கைவிட்டிட்டினம் எண்டே வெளிநாட்டுச் சாமியைப் பிடிச்சனீ?

விசா வந்தது. காரில இருந்து நீ அழுத அழுகையில நான் றோட்டுக்கரையில நிப்பாட்ட வேண்டியதாப் போச்சு. முதல் ஊருக்குப் போய் மகளைப் பார்க்கிறது, பிறகு அந்த மலைக்குப் போறது எண்டு திட்டம் போட்டாய். ரிக்கற் எடுக்க முந்தியே உன்ர நெஞ்சு நிண்டிட்டுது. ஊருக்குப் போனாய்தான், பெட்டிக்குள்ள. வளர்ந்த மகளை நீ பார்க்கேல்லை. அதை எழுத எனக்கு இப்பவும் தாங்கேலாமல் கிடக்கு.

இனி உனக்குத் தெரியாத கதை. பிள்ளைக்கு முட்டு வந்திட்டுது. இரவில மூச்செடுக்கக் கஷ்டப்படுது. டொக்டர் வாயால இழுக்கிற பம்ப் எழுதிக் குடுத்திருக்கிறார், சுமதி அதை அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறா. "நேர்த்தி கிடக்கேக்க மருந்து பிடிக்காது அக்கா. அவர் சொன்னதை ஆராவது முடிச்சு வைச்சால்தான் பிள்ளைக்குச் சுகம் வரும்" எண்டு ஒரே பிடி. விசரே உனக்கு எண்டு ஏசியும் பார்த்தன், கெஞ்சியும் பார்த்தன். ஃபோனில பிள்ளையின்ர மூச்சு விசிலடிக்கிறது எனக்குக் கேக்குது. அதுக்குப் பிறகு நான் ஆரோட வாதாடுறது?

லீவு போட்டன். "ஆர் யூ சீரியஸ், அம்மா?" எண்டு மகன் கேட்டான். ஓம் எண்டன். கிம் அன்ரியிட்ட இடத்தின்ர பேரை எழுதி வாங்கிக்கொண்டு, பாக்கில கற்பூரக்கட்டியோட பிளேன் ஏறினன்.

பஸ்ஸால இறங்கி, பைன் மரங்களுக்குள்ளால கொஞ்ச நேரம் நடக்க வேணும். சனமே இல்லை. படத்தில கண்ட மாதிரியே நிக்குது, மலையும் அங்கேயே நிக்குது. படிக்குக் கீழ ரெண்டு சோடிச் சப்பாத்து. அதைக் கண்டவுடன கோயில்தான் எண்டு எனக்கு மனம் நிறைஞ்சு போச்சு. சப்பாத்தைக் கழட்டி வைச்சு, கும்பிட்டு, மூண்டு தரம் சுத்தி வந்து, மேல ஏறினன்.

உள்ளுக்கு ஒண்டுமில்லை, தவம். நாலு பக்கமும் திறந்த வெறும் பலகைத் தரை. மூலஸ்தானம் எங்கையெண்டு தேடினன். வயசான ஒரு புருசனும் பெண்சாதியும் தூணில சாய்ஞ்சு பழம் உரிச்சுக்கொண்டிருந்தினம். இங்க எந்தச் சாமி எண்டு ஃபோனை மொழிபெயர்க்க விட்டுக் கேட்டன். அந்த மனிசன் என்னை வடிவாய்ப் பார்த்திட்டு ஃபோனுக்குச் சொன்னார்: சாமி இல்லையாம். அந்தக் காலத்தில படிச்ச ஆக்கள் வந்து இருந்து மலையைப் பார்க்கக் கட்டின மண்டபமாம். நெருப்பு மூட்டவும் கூடாதாம். அந்த அம்மா எனக்கு ஒரு துண்டுப் பழம் நீட்டினா.

பழத்தைக் கையிலேயே வைச்சுக்கொண்டு நிண்டன். சுமதி அங்க தலைக்குக் குளிச்சு, விரதம் இருந்து, வீடியோவில பூசை பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறா. ஏதாவது ஒரு பலகையைக் காட்டி இதுதான் சாமி எண்டு சொன்னால் ஆருக்குத் தெரியப்போகுது? பிள்ளை அண்டைக்கே மருந்து எடுத்திருக்கும். பொய்யைச் சொல்லுறதெண்டு முடிவெடுத்துத்தான் ஃபோனை எடுத்தன். பெரிய முகமாய் உன்ர மகள் வந்து நிண்டாள். உன்ர மூக்கு, உன்ர நெத்தி. என்ர வாயில உண்மைதான் வந்தது.

சுமதி பிள்ளையை மடியில இழுத்து வைச்சா. பிறகு கேட்டா, "அப்ப அவர் இவ்வளவு காலமும் ஆரைக் கும்பிட்டவர், அக்கா?"

எனக்குத் தெரியேல்லை எண்டன். உனக்காவது தெரியுமோ?

"ஆக்கள் அங்க என்ன செய்யிறவை?"

"சும்மா இருந்து மலையைப் பார்க்கிறவையாம்."

"அவர் ஒரு நாளெண்டாலும் சும்மா இருந்திருப்பாரோ? ரெண்டு வேலை, சனி ஞாயிறும் வேலை" எண்டா. குரல் உடைஞ்சு போச்சு. "அவருக்காக நீங்கள் இருங்கோ அக்கா. மலையைக் காட்டுங்கோ, நாங்களும் இருக்கிறம்."

ஃபோனை மலையைப் பார்க்கத் தூணோட சாத்தி வைச்சிட்டு இருந்தன். ஃபோனுக்கு அங்கால அவை ரெண்டு பேர், இங்கால நான். மலைக்கு மேலால முகில் போய்க்கொண்டிருந்தது. பழம் உரிச்ச ரெண்டு பேரும் எழும்பி, எனக்குத் தலை குனிஞ்சு கும்பிட்டிட்டுப் போச்சினம். பிள்ளைக்கு இருமல் வந்தது. சுமதி எழும்பிப் போற சத்தமும் அலுமாரி திறக்கிற சத்தமும் கேட்டுது.

"வாயைத் திற, பிள்ளை. அப்பான்ர நேர்த்தி முடிஞ்சுது."

நான் அந்தத் தரையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதன்.

இப்ப ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையைக் கூப்பிட்டு மருந்து எடுத்தனியோ எண்டு கேக்கிறன். நான் இருக்குமட்டும் கேப்பன், இது சத்தியம். நீ மட்டும் இனி எந்த மலையிட்டயும் நேர்த்தி வைக்காதையடா. ஏதும் வேணுமெண்டால் என்னட்டக் கேள்.

வெரிபீயில விடிய விடியக் கார் கோர்ன் அடிச்சு உன்னை எழுப்பின,
உன்ர அக்கா