பாரி வேட்டைக்கு முந்தின நாள்

ஜனவரி 6, திங்கள்

பாப்பாவுக்கு இன்னும் சளி. மூக்கில் சொட்டு மருந்து விட்டதற்கு என் கன்னத்தைப் பிறாண்டி வைத்திருக்கிறாள். ஏழு மாதத்திலேயே என்ன நகம்!

ஹேமந்த் ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று சொன்னார். "நாலு நாள் லீவு சொல்லிட்டேன். இந்த வருஷம் முன்கயிறு நம்ம வீடு."

பாரி வேட்டை. ஒடுகத்தூருக்கு மேலே அவருடைய மலை ஊரில், தை மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு ஆள் வலையோடு காட்டுக்குள் போவார்கள். பன்றியோ முயலோ விழுந்தால் ஊருக்கே பங்கு. முறை வந்த வீடுதான் முதல் கயிற்றைக் கட்ட வேண்டும். என் மாமனாருக்கு முட்டி வலி. அப்படியென்றால் இவர்தான்.

போன வருஷம் பக்கத்து மலையில் இரண்டு பேர் இதற்காக நாற்பது நாள் ஜெயிலில் இருந்தார்கள். ஒருவருக்கு வேலையும் போனது. அதைச் சொன்னேன்.

"கறிக்கா போறோம்? கறி ஆம்பூர்ல இல்லியா? வருஷம் பூரா மூஞ்சி குடுத்துப் பேசாதவன்கூட அன்னிக்கு ஒரே கயித்தப் புடிக்கணும் சோபனா. அத வுட்டா ஊர்னு இன்னா இருக்கு?"

எனக்குப் பயம்தான் இருக்கிறது.

ஜனவரி 8

மறுபடி சொல்லிப் பார்த்தேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஜனவரி 10, வெள்ளி

கீழ் வீட்டு ஃபிர்தௌஸ் அக்கா பாப்பாவை வாங்கிக்கொண்டே, "இன்னாடி, மூஞ்சி சுண்டிப் போய்க் கெடக்குது? அவ்ளோ பேஜாரா இருந்தா உன் வூட்டுக்காரர கட்டிப் போடு" என்றாள்.

"கட்டிப் போடறதுக்கு வலை அவர்கிட்டதான்க்கா இருக்கு."

சிரித்தோம். அவள் இறங்கிப் போனதும் வனத்துறை நம்பரைத் தேடி எடுத்தேன்.

பேசிவிட்டேன்.

ஊர் பெயரைச் சொன்னேன். காணும் பொங்கலன்று வேட்டை என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. "நீங்க யாரும்மா?" என்றதும் வைத்துவிட்டேன். அன்று காலையில் மலைப்பாதையில் ஒரு ஜீப் நின்றால் போதும், ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவ்வளவுதானே?

ஜனவரி 14

மலைக்கு வந்துவிட்டோம். நல்ல குளிர். பாப்பாவுக்கு இரண்டு சட்டை. மாமா அவளைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார்.

ஜனவரி 15, புதன்

வந்துட்டாங்க. இன்னிக்கே வந்துட்டாங்க.

எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது — வேட்டைக்கு முந்தின நாளே ஊர் வலை மொத்தமும் முறை வீட்டுக்கு வந்துவிடுமாம். மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பூசை போட்டு, விடியும்வரை அங்கேயே இருக்குமாம். போன தைக்கு நான் மசக்கையில் அம்மா வீட்டில் கிடந்தேன். நான் எங்கே கண்டேன்? வேட்டை என்றால் வேட்டைக்குப் போகும் நாள் என்றுதானே நினைப்பேன்? அந்த வனத்துறை ஆபீஸ்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் எல்லோரும் சாமிப் பாறைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் மாமா, நான், பாப்பா, பதினோரு வலை.

பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். "யார் யார் வலை பெரியவரே?"

"எல்லாம் என்னுதுதான் சார்."

பதினொன்றுமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். எழுதிக்கொண்டார்கள். பச்சையப்பன், வயது அறுபத்து நான்கு.

ஜீப்பில் ஏறும்போது மாமா என்னிடம், "பாப்பாவ பனியில நிக்க வெக்காதம்மா" என்றார்.

ஜனவரி 17

மாமா ஜாமீனில் வந்துவிட்டார். திங்கள்தோறும் கையெழுத்துப் போட வேண்டும். வலைகளைத் தரவில்லை. பாரி நடக்கவில்லை.

இப்போது ஊரில் ஒரே பேச்சு, காட்டிக் கொடுத்தது யார்? மலைக்கு ஜீப் ஓட்டும் தமிழ்வேந்தனாம். பத்தாம் தேதி கீழே டீக்கடையில் வனத்துறை வாட்ச்சரோடு உட்கார்ந்திருந்தானாம்.

பத்தாம் தேதி. ஐயோ.

ஜனவரி 19, ஞாயிறு

ஊர் கூடியது. ஈரத்துணியோடு சாமிப் பாறையில் கற்பூரம் அடித்து சத்தியம் பண்ணு என்றார்கள். தமிழ்வேந்தன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"டீ குடிச்சதுக்கா சத்தியம்? அப்போ போண்டா துன்னதுக்கு இன்னா, தீ மிதிக்கணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஹேமந்த்தான் முதலில் கத்தினார். "எங்கப்பன ஜீப்ல ஏத்துனாங்கடா!" இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு வரை தவணை. அதற்குள் சத்தியம் பண்ணாவிட்டால் அவன் வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது.

அவன் பண்ண மாட்டான். செய்யாதவன் எதற்குப் பண்ணுவான்?

பெண்கள் பக்கம் அவன் பெண்டாட்டி. அவளுக்கும் கைக்குழந்தைதான். என் பாப்பாவைப் பார்த்து விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினாள். நான் பாப்பாவை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன்?

ஜனவரி 22

ஆம்பூர் திரும்பிவிட்டோம். எனக்குப் பால் குறைந்துவிட்டது. பாப்பா கடித்துக் கடித்து அழுகிறாள்.

ஜனவரி 25, சனி

சொல்லிவிட்டேன். இவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றிருந்தேன், முடியவில்லை. பாதிச் சோற்றில் சொன்னேன்.

"விளையாடாத."

விளையாடலீங்க என்றேன். நம்பரைக் காட்டினேன். போனை வாங்கித் தேதியைப் பார்த்தார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"நான் ஜெயிலுக்குப் போவேன்னு பயமா?"

"ஆமா."

"அவன் சட்டையப் புடிச்சேன்டி நானு."

தட்டிலேயே கையைக் கழுவினார். "நாளைக்கு மேல போறோம். நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

ஜனவரி 26, ஞாயிறு

சொன்னேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கும் முன்னால். குரல் வரவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றார் ஊர்க்கவுண்டர். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

"கீழ்நாட்டுப் பொண்ண எடுத்தா இதான்" என்றது ஒரு குரல். மாமா தலை நிமிரவில்லை.

மூன்று வருஷம் எங்கள் வீடு கயிறு தொடக் கூடாது. என் தப்புக்கு இவரை ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். வலை வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை என்றார்கள்.

தமிழ்வேந்தன் எழுந்தான். என்னைத்தான் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் ஊரைப் பார்த்துப் பேசினான். "ஒம்பது நாளா என் ஜீப்பு காலியா போச்சு. உங்க ஜனம் மூட்டையத் தூக்கிக்கினு நடந்து எறங்குச்சு. அதுக்கு யாரு சத்தியம் பண்றது?"

ஹேமந்த் அவனிடம் போய் ஏதோ சொன்னார். அவன் தன் தோளில் இருந்த இவர் கையை எடுத்துவிட்டான்.

பிப்ரவரி 3, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டு மாமா நேராக ஆம்பூர் பஸ் ஏறி வந்துவிட்டார். தண்ணீர் மட்டும் குடித்தார். சாப்பிடச் சொன்னதற்குப் பசிக்கவில்லை என்றார். பாப்பா கையை நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஃபாரஸ்ட் ஆபீசுக்கு ஒரு மனு எழுதணும். நீதான் படிச்சவ."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இனி வலை கட்டுவோம், கயிறு பிடிப்போம், பறை அடித்துக் காட்டைச் சுற்றி வருவோம்; எது விழுந்தாலும் உயிரோடு அவிழ்த்து விட்டுவிடுவோம்.

"ஊர்ல ஒத்துக்கினாங்களா மாமா?"

"பாதிப் பேரு ஒத்துக்கினான். பாதிப் பேரு திட்டிக்கினே ஒத்துக்கினான்."

பூசை வலைகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரிக்கு வந்தோம்.

"பத்து வலைன்னு போடு."

"பதினொன்னு மாமா."

"பத்து. தள்ளி வெச்ச நம்மளுதும் சேர்ந்து வந்தா மத்த வீட்டுக்காரன் தன் வலையத் தொட மாட்டான்."

பேனா நகரவில்லை. அவர் பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்காமல்.

பத்து என்று எழுதினேன். நம்பரில் மட்டும் போதாது, எழுத்திலும் எழுது என்றார்.